முட்டிக்கு 25 மில்லிமீட்டர்

புனே நானாபேட்டையில் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போய் "ரியர்செட் இருக்கா?" என்று கேட்டால், கடைக்காரர் முதலில் வாசலில் நிற்கிற வண்டியைப் பார்ப்பார். அப்புறம் உங்கள் தலைமுடியைப் பார்ப்பார். இருபத்திரண்டு வயசுப் பசங்க கேட்கிற சாமான் அது. முக்கால்வாசி நரைத்த தலையோடு நான் போய்க் கேட்டதும், "பையனுக்கா சார்?" என்றார். பையன் இல்லை, பொண்ணுதான், ஏழாவது படிக்கிறாள், சாமான் எனக்குத்தான் என்றேன். மனுஷன் முகத்தில் சட்டென்று ஒரு மரியாதை வந்தது. அது மரியாதை இல்லை, பரிதாபம் என்கிறார் தங்கமணி.

ரியர்செட் என்றால் என்னவென்று தெரியாத நல்லவர்களுக்கு ஒரு வார்த்தை. பைக் ஓட்டுகிறவர் கால் வைக்கிற கட்டை, அதாவது ஃபுட்ரெஸ்ட். இடது பக்கம் கியர் லீவர். வலது பக்கம் பின் பிரேக் பெடல். இவற்றைத் தாங்கிப் பிடிக்கிற அலுமினியத் தகடு. இவ்வளவும் சேர்ந்ததுதான் செட். கம்பெனி மாட்டி அனுப்பியதைக் கழற்றிவிட்டு, வேறொருத்தர் செய்ததை வாங்கி மாட்டுவது. தகட்டில் நாலோ ஆறோ எட்டோ துளைகள் இருக்கும். எந்தத் துளையில் மாட்டுகிறோமோ அதைப் பொறுத்து கால் மேலே போகும், பின்னால் போகும். பெயரிலேயே 'ரியர்' இருக்கிறது பாருங்கள். 1950, 60களில் இங்கிலாந்தில் கஃபே ரேசர் பசங்கள் வண்டிமேல் குனிந்து படுத்து ஓட்டுவதற்காகக் காலைப் பின்னால் தள்ளி வைத்ததில் வந்த பெயர். பந்தயத்தில் வண்டி சாயும்போது கட்டை தரையில் உரசக் கூடாது, அதனால் மேலே தூக்கு. உடம்பு குனிய வேண்டும், அதனால் பின்னால் தள்ளு. அவ்வளவுதான் தத்துவம்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கொள்கிறேன். கோயம்புத்தூர்க்காரனுக்கு இது புதுசு இல்லை. 2003-ல் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே திறந்தபோது நான் கல்லூரியில் கடைசி வருஷம். அதற்கும் முன்னாலிருந்தே எங்கள் ஆவாரம்பாளையம் பக்கம் லேத்துப் பட்டறைகளில் ஆர்எக்ஸ் 100-க்கும் ஷோகனுக்கும் பின்னால் தள்ளிய ஃபுட்ரெஸ்ட் செய்து கொடுப்பார்கள். குழாயை அறுத்து, பட்டி வைத்து வெல்டு அடித்து, கருப்பு பெயிண்ட் பூசினால் வேலை முடிந்தது. அப்பாவின் பட்டறையிலும் செய்திருக்கிறார்கள். "கால மடக்கிக் குத்த வெச்சுட்டுப் போறதுக்கு எதுக்கு வண்டி, நடந்தே போலாமே" என்று சொல்லிக்கொண்டேதான் செய்து கொடுப்பார்.

சரி, விஷயத்துக்கு வருவோம். என் வண்டி கேடிஎம் ஆர்சி 390. 2019-ல் வாங்கினது. சாக்கன் தொழிற்சாலையில், என் வீட்டிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில் பிறந்த வண்டி. ஊரை விட்டு வந்து பதினாலு வருஷம் வேலை பார்த்து, வீட்டுக் கடன் பாதி முடிந்து, அப்புறம் எனக்கென்று வாங்கிய ஒரே பொருள். பந்தயத்துக்கெல்லாம் போகிறதில்லை. வாரத்தில் இரண்டு நாள் அலுவலகம், மழைக்காலம் முடிந்ததும் தாம்ஹினி காட் பக்கம் ஒரு காலைச் சவாரி. முக்கியமாக, ஞாயிற்றுக்கிழமை காலை மகளைப் பின்னால் உட்கார வைத்து ராஸ்தா பேட்டைக்குத் தமிழ் வகுப்புக்குப் போவது.

இந்தக் கடைசிச் சவாரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு இங்கிலீஷ், இந்தி, மராட்டி. நண்பர்களோடு மூன்றையும் கலந்த ஒரு கிச்சடி. வீட்டில் நாம் தமிழில் கேட்டால் பதில் வேறு எதிலாவது வரும். வெளியூரில் பிள்ளை வளர்க்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் பைக்கில் போகும்போது ஒரு வேடிக்கை நடக்கும். இரண்டு பேரும் ஹெல்மெட் போட்டிருப்பதால் கத்திக் கத்தித்தான் பேச வேண்டும். கத்தும்போது அவளுக்குத் தமிழ்தான் வருகிறது! "அப்பா, அந்த பஸ்காரன் நம்மள இடிக்க வர்றான் பாருங்க" என்று ஔந்து பாலத்தின் மேல் முழு வாக்கியமாக வரும். காரில் போனால் ஏசி, பாட்டு, கையில் போன். ஒரு வார்த்தை வராது. அந்த முக்கால் மணி நேரம் எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று தங்கமணிக்கும் தெரியும்.

2023 டிசம்பரில் வலது முட்டி பேச ஆரம்பித்தது. முதலில் படி இறங்கும்போது. அப்புறம் வண்டியில் அரைமணி போனதும், சில்லுக்குப் பின்னால் யாரோ கட்டை விரலை வைத்து அழுத்துகிற மாதிரி. எலும்பு மருத்துவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, தேய்மானம் பெரிசாக ஒன்றுமில்லை, முட்டிச் சில்லுக்கும் தொடை எலும்புக்கும் நடுவில் அழுத்தம் கூடுகிறது என்றார். முட்டியை எவ்வளவு மடக்குகிறோமோ அவ்வளவு அழுத்தம். தரையில் சம்மணம், குத்தவைத்தல், தாழ்ந்த சோபா எல்லாம் குறை. தொடைத் தசைக்குப் பயிற்சி செய். எல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டு, "என்ன வண்டி ஓட்டுறீங்க?" என்று கேட்டார். போனில் படத்தைக் காட்டினேன். சிரித்துவிட்டு "வித்துடுங்க" என்றார்.

வீட்டில் தீர்ப்பு கொஞ்சம் கருணையோடு வந்தது. "ஏனுங்க, பொங்கல்ல இருந்து சித்திரை ஒண்ணு வரைக்கும் டைம். நாலு மாடியும் கைப்பிடியப் பிடிக்காம படியில இறங்கி வந்து காட்டோணும். இல்லீன்னா ஸ்கூட்டர் வாங்கிக்கலாம்." மூன்று மாதம். ஸ்கூட்டரில் போனாலும் மகள் பேசுவாள்தான், மறுக்கவில்லை. ஆனாலும்.

நான் வாகன உதிரிபாக வடிவமைப்பில் வேலை பார்க்கிறவன். எதையும் அளக்காமல் நம்புகிற பழக்கம் கிடையாது. வண்டியை ஸ்டாண்டில் நேராக நிறுத்தி, வழக்கமாக உட்காருகிற மாதிரி உட்கார்ந்து, மகளைக் கூப்பிட்டு டேப் பிடிக்கச் சொன்னேன். இடுப்பு மூட்டிலிருந்து முட்டி வரை 44 செ.மீ. முட்டியிலிருந்து கணுக்கால் வரை 43. உட்கார்ந்த நிலையில் இடுப்பு மூட்டுக்கும் கணுக்காலுக்கும் நேர்க்கோட்டில் 52. மூன்று பக்கமும் தெரிந்தால் முக்கோணத்தின் கோணம் கிடைத்துவிடும், பதினோராம் வகுப்புக் கணக்கு. என் முட்டி 73 டிகிரியில் மடங்கியிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தால் 90. அதாவது நாற்காலியைவிட 17 டிகிரி அதிகமாக மடக்கி, அப்படியே முக்கால் மணி நேரம் வைத்திருக்கிறேன்.

இப்போது ஃபுட்ரெஸ்டை 25 மில்லிமீட்டர் கீழே இறக்கினால்? இந்த வண்டியில் கட்டை கிட்டத்தட்ட இடுப்புக்கு நேர் கீழே வருவதால், 52 என்பது 54.5 ஆகும். கோணம் 78-க்குப் பக்கத்தில் வரும். நாலு டிகிரி சொச்சம். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் எந்த மூட்டையும் அதன் மோசமான இடத்தில் பிடித்து வைத்திருப்பதுதான் தொந்தரவு. அங்கேயிருந்து நாலு டிகிரி விலகுவது, நல்ல இடத்தில் நாலு டிகிரி விலகுவதைப் போல இல்லை.

இறக்கினால் இழப்பு என்ன என்பதையும் பார்க்க வேண்டும் அல்லவா. கட்டையின் நுனி தரையிலிருந்து 36 செ.மீ. உயரத்தில், வண்டியின் நடுக்கோட்டிலிருந்து 33 செ.மீ. தள்ளி இருந்தது. தோராயமாகக் கணக்குப் போட்டால் வண்டி 47 டிகிரி சொச்சம் சாய்ந்தால் கட்டை தரையைத் தொடும். 25 மில்லிமீட்டர் இறக்கினால் 45 சொச்சம். டயரின் அகலம், சஸ்பென்ஷன் அமுங்குவது எல்லாம் சேர்ந்தால் உண்மைக் கணக்கு இதைவிடக் குறையும், இருந்தாலும் வித்தியாசம் இரண்டு டிகிரி அளவில்தான். வண்டியை 45 டிகிரி சாய்ப்பவன் பந்தயத் தடத்தில் இருப்பான். பின்னால் மகளை வைத்துக்கொண்டு யுனிவர்சிட்டி சர்க்கிளில் இருக்க மாட்டான். முட்டிக்கு நாலு டிகிரி வரவு, சாய்வில் இரண்டு டிகிரி செலவு. எனக்கு லாபம்.

நானாபேட்டையில்தான் சிக்கல் ஆரம்பித்தது. கடையில் காட்டிய மூன்று செட்டுகளும் 'அட்ஜஸ்டபிள்'தான். எல்லாம் சிஎன்சியில் கடைந்து, கருப்பு அனோடைசிங் போட்டு, நகை மாதிரி பளபளவென்று இருந்தன. ஆனால் துளைகள் எல்லாமே கம்பெனிக் கட்டை இருந்த இடத்துக்குச் சமமாகவோ அதற்கு மேலேயோதான். ஆறு துளையில் ஒன்றுகூடக் கீழே இறங்கவில்லை. "கீழே இறக்கறதுக்கு யார் சார் ரியர்செட் வாங்குவாங்க?" என்று கடைக்காரர் கேட்டதும் நியாயம்தான். கூடவே, பின்னால் உட்காருகிறவரின் ஃபுட்ரெஸ்டைக் கழற்றிவிட்டால் வண்டி இன்னும் அழகாக இருக்கும் என்று ஓசியில் ஒரு யோசனை. சில பந்தயச் செட்டுகளை மாட்டினால் அதைக் கழற்றித்தான் ஆக வேண்டும். நான் வாங்கியது அதைத் தொடாத செட். பெக், லீவர், இணைப்புக் கம்பிகள், மூட்டு பேரிங் எல்லாம் தரமாக இருந்தன. தகடு மட்டும்தான் எனக்கு உதவாது. ஆகவே தகட்டை மட்டும் புதிதாகச் செய்துவிடலாம் என்று முடிவு.

போசரி எம்ஐடிசியில் எங்கள் அலுவலகத்துக்குச் சில்லறை வேலைகள் செய்து கொடுக்கும் ஒரு பட்டறை உண்டு. முதலாளியை எல்லாரும் 'காகா' என்றுதான் கூப்பிடுவோம். மராட்டியில் சித்தப்பா, நம்ம ஊர்க் காக்கா இல்லை. :-) அந்தப் பட்டறைக்குள் நுழைந்தாலே எனக்கு ஆவாரம்பாளையம்தான். அதே கூலன்ட் வாசனை, அதே சுருள் சுருளாகக் கிடக்கிற சீவல், அதே ரேடியோ. பாஷைதான் வேறு. கிட்டோடு வந்த தகட்டைப் புரட்டிப் பார்த்த காகா, 10 மில்லிமீட்டர் போதும், இதே கனத்தில் போட்டுவிடலாம் என்றார்.

நான் தாளை எடுத்தேன். என் எடை, ஹெல்மெட், ஜாக்கெட், முதுகுப் பை சேர்த்து 90 கிலோ. பள்ளத்தில் வண்டி இறங்கும்போது எழுந்து ஒரு கால்மேல் முழு எடையும் விழுந்தால், அதிர்வுக்காக மூன்று மடங்கு எடுத்துக்கொள்ளலாம். சுமார் 2,650 நியூட்டன். அது தகட்டிலிருந்து 10 செ.மீ. தள்ளிக் கட்டையின்மேல் விழுகிறது. தகட்டின் குறுகலான இடம் 50 மி.மீ. அகலம். 10 மி.மீ. கனம் என்றால் அங்கே தகைவு 318 மெகாபாஸ்கல். நாங்கள் எடுத்த 6061-டி6 அலுமினியம் சுமார் 275-லேயே நிரந்தரமாக வளைய ஆரம்பித்துவிடும். கம்பெனித் தகட்டில் கட்டைக்குப் பக்கத்திலேயே ஃபிரேம் போல்ட் இருக்கும், அதனால் அது தாங்கும். நான் கட்டையைக் கீழே இறக்குவதால் பிடிமானத்திலிருந்து தள்ளிப் போகிறது. கனத்தை 15 ஆக்கினால் தகைவு 141. பாதிதான். வளைவில் கனம் இரண்டு மடங்காகப் பேசும் என்பது இதுதான். காகா கணக்கைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு "பதினஞ்சு போடலாம்" என்றார்.

அன்று ராத்திரி அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். எழுபத்தி நாலு வயது, பட்டறையை மூடி எட்டு வருஷம். மெகாபாஸ்கலை எல்லாம் அவர் கண்டுகொள்ளவில்லை.

"மூலை எப்படி உடறீங்க?"

"எந்த மூலைங்கப்பா?"

"தகடு அகலத்துல இருந்து குறுகற எடத்துல உள்மூலை வருமில்ல கண்ணு. அத நறுக்குன்னு உட்டுராத. வளைச்சு உடச் சொல்லு. அலுமினியம் சொல்லாம ஒடியும். இரும்பாவது வளைஞ்சு காமிச்சுட்டு ஒடியும்."

படித்த படிப்பில் இதற்கு நாலு பக்கம் உண்டு. கூர்மையான உள்மூலையில் தகைவு குவியும். இரும்புக்கு இருப்பதுபோல் 'இதற்குக் கீழே எத்தனை லட்சம் தடவை ஆட்டினாலும் ஒடியாது' என்கிற எல்லை அலுமினியத்துக்குக் கிடையாது. ஆகவே உள்மூலைகள் எல்லாவற்றுக்கும் 3 மி.மீ. ஆரம் வைத்து வரைபடத்தை முடித்தேன். கட்டைக்கு மூன்று நிலைகள்: கம்பெனி உயரம், 12 மி.மீ. கீழே, 25 மி.மீ. கீழே. அதிகக் கனத்தால் கட்டை வெளியே தள்ளியதை, பெக்கின் நுனியில் அதே அளவு கடைந்து கழித்துவிட்டோம்.

இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். கீழே விழுந்து தகடு ஒடிந்தால், நம்ம தெருமுனை ஆர்கன் வெல்டிங்கில் ஒட்டிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். டி6 என்பது சூட்டில் பதப்படுத்தி வந்த பலம். வெல்டு அடித்த இடத்தில் அந்தப் பதம் போய்விடும். பார்க்க முழுசாக இருக்கும், பலம் பாதிதான் இருக்கும்.

மாட்டுகிற வேலை ஒரு சனிக்கிழமை, அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில். இடது பக்கம் சுலபம். கியர் லீவரிலிருந்து இன்ஜினுக்குப் போகிற இணைப்புக் கம்பியின் ஒரு முனையில் வலது மரை, மறுமுனையில் இடது மரை. அதனால் கம்பியை நடுவில் பிடித்துத் திருகினாலே நீளம் கூடும், குறையும்; எதையும் கழற்ற வேண்டாம். கட்டையை இறக்கினால் லீவரையும் அதே அளவு இறக்க வேண்டும், இல்லாவிட்டால் முட்டியைக் காப்பாற்றிக் கணுக்காலைக் கெடுத்த கதையாகிவிடும். கம்பியும் இன்ஜின் தண்டில் இருக்கிற சின்னக் கையும் ஏறக்குறைய 90 டிகிரியில் சந்திக்கிற மாதிரி வைத்தால் கியர் நறுக்கென்று விழும். கோணம் கெட்டால் இரண்டாவதுக்குப் போகாமல் நியூட்ரலில் நின்று திரும்பிப் பார்க்கும். எனக்குத் தண்டின் பல்லில் ஒரு பல் தள்ளிப் போட வேண்டியிருந்தது.

வலது பக்கம்தான் உயிர் இருக்கிற இடம். பின் பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டரை இந்தத் தகட்டில்தான் மாட்ட வேண்டும். பெடலை மிதித்தால் ஒரு சின்னத் தள்ளுகம்பி சிலிண்டருக்குள் பிஸ்டனைத் தள்ளுகிறது. காலை எடுத்ததும் பிஸ்டன் முழுசாகப் பின்னுக்கு வர வேண்டும். வந்தால்தான் சிலிண்டரில் இருக்கிற ஒரு குட்டித் துளை திறந்து, எண்ணெய் மேலே டப்பாவுக்குத் திரும்ப முடியும். தள்ளுகம்பியை ஒரு சுற்று அதிகமாக முறுக்கிவிட்டால் பிஸ்டன் அந்தத் துளையை மூடியே வைத்திருக்கும். வீட்டு வாசலில் ஒன்றும் தெரியாது. பத்து கிலோமீட்டர் போனதும் டிஸ்க் சூடாகி, எண்ணெய் விரிந்து, போக இடமில்லாமல் பேடைத் தானாகவே அழுத்தும். அழுத்த அழுத்த இன்னும் சூடு. நாம் மிதிக்காமலேயே பின் சக்கரம் இறுகும். ஆகவே பெடல் நுனியில் சில மில்லிமீட்டர் சும்மா ஆடுகிற ஆட்டம் கட்டாயம் வேண்டும். அதை விட்டுத்தான் லாக்நட்டை இறுக்கினேன்.

அப்புறம் பிரேக் லைட். பெடலோடு ஒரு சின்ன ஸ்பிரிங் மூலமாக இணைகிற சுவிட்ச் பல வண்டிகளில் உண்டு. புது லீவரில் அந்த ஸ்பிரிங்கை மாட்ட இடமே இருக்காது, அல்லது மாட்டுகிறவர் மறந்துவிடுவார். என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் வண்டியில் அப்படித்தான் ஆயிற்று. செட் மாட்டிக் கொடுத்த கடையில் ஸ்பிரிங்கைத் தொங்கவிட்டுவிட்டார்கள். முன் பிரேக்கைப் பிடித்தால் விளக்கு எரியும், பின் பிரேக்குக்கு எரியாது. சிக்னலில் பின்னால் வந்த ஒரு ரிக்‌ஷாக்காரர் திட்டித்தான் அவருக்கே தெரிந்தது. நல்லவேளை, திட்டினதோடு போயிற்று. மும்பை ஹைவேயில் லாரி பின்னால் வரும்போது தெரிந்திருந்தால் என்ன ஆகும்? முன் பிரேக்கைத் தொடாமல், பின் பெடலை மட்டும் மிதித்து, மகளைப் பின்னால் நிற்க வைத்து "எரியுதா?" என்று இருபது தடவை கேட்டேன். இருபதாவது தடவை "எரியுதுப்பா, எரிஞ்சுட்டேதான் இருக்கு, எனக்குப் பசிக்குது" என்றாள்.

கடைசியில் போல்ட்டுகள். வண்டியின் கையேட்டில் பொதுவாக எம்6-க்கு 10 நியூட்டன் மீட்டர், எம்8-க்கு 25. எல்லாவற்றிலும் நீல லோக்டைட் ஒரு சொட்டு, டார்க் ரெஞ்சில் அளவு, அப்புறம் போல்ட் தலைக்கும் தகட்டுக்கும் குறுக்கே மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு. கோடு ஒடிந்திருந்தால் போல்ட் நகர்ந்திருக்கிறது என்று தூரத்திலிருந்தே தெரியும். தங்கமணி ஒரு தடவை கீழே வந்து பார்த்துவிட்டு, "மரை கழண்டா தெரியறதுக்கு உங்களுக்கும் நெத்தியில ஒரு கோடு போட்டுரலாமுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

முதல் ஓட்டம் தனியாக ஐந்து கிலோமீட்டர், பின் பிரேக்கை அதிகம் தொடாமல். திரும்பி வந்ததும் தோசைக்கல் சோதனை. பின் டிஸ்க்கில் விரலால் நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்தேன். 'சொய்' என்றால் பேட் உரசிக்கொண்டே வந்திருக்கிறது என்று அர்த்தம். சத்தமில்லை, தண்ணீர் வழிந்தது. சஸ்பென்ஷனை அமுக்கி, பிரேக் ஹோஸ் எங்கேயும் இழுபடவில்லை, ஏபிஎஸ் சென்சார் வயர் எதிலும் சிக்கவில்லை என்று பார்த்துவிட்டு மேலே வந்தேன்.

சட்டம் பற்றிக் கேட்பீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறுகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. அதே வருஷத் திருத்தத்தில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்றும் வந்தது. ஃபுட்ரெஸ்டின் உயரம் ஆர்சி புத்தகத்தில் இல்லை என்பது என் வாசிப்பு. அதை வைத்துப் போலீஸ்காரரோடு வாதாட நான் தயாரில்லை. ஆனால் பின்னால் உட்காருகிறவருக்குக் கைப்பிடியும் கால் கட்டையும், துணி சக்கரத்தில் சிக்காமல் பாதிச் சக்கரத்தையாவது மறைக்கிற தடுப்பும் இருக்க வேண்டும் என்று 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆம் விதி தெளிவாகச் சொல்கிறது. அழகுக்காக அதைக் கழற்றுகிறவர்கள் அப்புறம் யாரைப் பின்னால் உட்கார வைக்கிறார்கள், அவர் காலை எங்கே வைக்கிறார் என்று எனக்கு நிஜமாகவே புரிவதில்லை. வண்டிக் காப்பீட்டுக் கம்பெனிக்கு மாற்றத்தைச் சொல்லி ஒரு மின்னஞ்சலும் அனுப்பி வைத்தேன்.

முட்டிக்கு என்ன ஆயிற்று? மருத்துவர் சொன்ன பயிற்சியை இரண்டு மாதம் ஒழுங்காகச் செய்தேன். ஆகவே எது பயிற்சியின் வேலை, எது 25 மில்லிமீட்டரின் வேலை என்று சுத்தமாகப் பிரிக்க முடியாது. அட்ஜஸ்டபிளாகச் செய்ததில் ஒரு வசதி இருந்தது. மார்ச் மாதம் ஒரு ஞாயிறு, கட்டையைப் பழைய உயரத்துக்கே ஏற்றி ஓட்டிப் பார்த்தேன். சிவாஜிநகர் தாண்டுவதற்குள் அந்தக் கட்டை விரல் திரும்ப அழுத்த ஆரம்பித்துவிட்டது. அடுத்த ஞாயிறு கீழே இறக்கினேன், வீடு திரும்பும் வரை சத்தமில்லை. இரண்டே சவாரியை ஆராய்ச்சி என்று சொல்ல முடியாதுதான். எனக்கு அது போதுமாக இருந்தது. 12 மி.மீ. நிலை எதற்கும் ஆகவில்லை, அந்தத் துளை சும்மா கிடக்கிறது.

நான் கணக்குப் போடாத ஒரு லாபமும் வந்தது. முன்னால் என் குதிகால் மகளின் ஷூ நுனியில் இடித்துக்கொண்டே இருக்கும். "அப்பா, கால நகத்துங்க" என்பது ஔந்து வரை வருகிற வழக்கமான உரையாடல். இப்போது அவளுக்கு இடம் தாராளம். அந்த வாக்கியம் போய், அதற்குப் பதிலாக அவளுடைய வகுப்பு டீச்சரைப் பற்றி நிறைய வருகிறது.

சித்திரை ஒன்றாம் தேதி காலையில் நாலு மாடியும் படியிலேயே இறங்கிக் காட்டினேன். கைப்பிடியைத் தொடவில்லை. தங்கமணி முன்னால் இறங்கி, ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று என் கையைப் பார்த்துக்கொண்டே வந்தார். கீழே வந்ததும், "சரி, வண்டி இருக்கட்டும். அந்தப் பழைய இரும்பெல்லாம் பரணை அடைச்சுட்டிருக்குது, அத எடுத்துப் போட்டுருங்க" என்றார். அது இரும்பு இல்லை, கம்பெனி ஃபுட்ரெஸ்ட் செட். என்றைக்காவது வண்டியை விற்கும்போது அதை மாட்டித்தான் கொடுக்க வேண்டும் என்று விளக்கிப் பார்த்தேன். பாதி ஒப்புக்கொண்டார். இரண்டு பொட்டலமாகச் செய்தித்தாளில் சுற்றி, கலந்துவிடக் கூடாதே என்று மகளை எழுதச் சொன்னேன். மார்க்கரில் பெரிசாக எழுதி வைத்திருக்கிறாள்: ஒன்றில் 'இடது', இன்னொன்றில் 'வளது'.